வேவு பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு கேடயம்: என் கதையில் இது நிற்குமா?

மேலகிரி மழை எழுதியது:

வணக்கம். பென்னாகரம் பக்கம் இருந்து எழுதுகிறேன். ஆறு மாதமாக ஓர் அறிவியல் புனைகதையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். கதை நடப்பது வேறு கிரகத்தில். எனக்கு நன்றாகத் தெரிந்த மலை மேலகிரி மட்டும்தான் என்பதால் அந்தக் கிரகத்திலும் மூங்கில், பாறை, பள்ளத்தில் ஓர் ஆறு எல்லாம் உண்டு. பெயர்தான் வேறு.

குடியேற வந்தவர்கள் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் யாரோ தாது தோண்டுகிறார்கள். யார், எத்தனை பேர், எதுவும் தெரியாது. பார்த்துவிட்டு வரச் சொல்லி மூன்று பேரை அனுப்புகிறார்கள். தோண்டுகிறவர்களின் காவல் எந்திரங்கள் அசைவதைக் கண்டால் சுடும்: 8 கிராம் உலோகத் துண்டு, நொடிக்கு 700 மீட்டர் வேகம்.

மூவருக்கும் சேர்த்து ஒரு கருவி கொடுத்திருக்கிறேன். உள்ளங்கை அகலம். பொத்தானை அழுத்தினால் 1.5 மீட்டர் ஆரத்தில் நீல நிற அரைக்கோளம் ஒன்று அவர்களைக் கவிழ்த்து மூடும். எதுவும் உள்ளே வராது. ஒரு மணி நேரம் தாங்கும். இவ்வளவுதான் கருவி. மாதிரிக்கு ஓர் அத்தியாயத்தையும் இணைத்திருக்கிறேன்.

என் தங்கை படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அப்புறம் இவங்க எதுக்குப் பயப்படறாங்க?" அதிலிருந்து நான்காவது அத்தியாயம் நகரவே இல்லை. கருவியில் என்ன கோளாறு என்று சொல்லுங்கள். தயவு பார்க்க வேண்டாம்.

கடைசி பெஞ்ச் இயற்பியல் எழுதியது:

கிருஷ்ணகிரியில் பி.எஸ்சி. மூன்றாம் வருடம். தயவு பார்க்க வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் அண்ணா, சரி.

வெறும் காற்றில் சுவர்போல நிற்கும் விசை எதுவும் இயற்கையில் இல்லை. ஈர்ப்பு இழுக்க மட்டும் செய்யும். அணுக்கருவுக்குள் வேலை செய்யும் இரண்டு விசைகளும் அணுவைத் தாண்டி வெளியே எட்டாது. மிச்சம் மின்காந்தம். பூமியின் காந்தப்புலம் சூரியனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்களை வளைத்து விடுகிறதே, அதுபோல ஒரு புலம் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் உங்கள் எந்திரம் சுடுவது மின்னூட்டம் இல்லாத உலோகத் துண்டு. அது பாட்டுக்கு வந்துவிடும்.

நிஜத்தில் இதற்குக் கிட்டத்தட்ட இரண்டு உண்டு. ஒன்று பிளாஸ்மா சன்னல். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஏடி ஹெர்ஷ்கோவிச் 1995-ல் செய்தது. ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் வெற்றிடம், நடுவில் சின்னத் துளை. கண்ணாடி வைக்காமல் அந்தத் துளையைச் சூடான பிளாஸ்மாவால், அதாவது மின்னூட்டம் பெற்ற வாயுவால், அடைத்துவைக்கிறார்கள். நன்றாகக் கவனியுங்கள், சின்னத் துளை. அதன் சூடு பத்தாயிரம் டிகிரிக்கு மேல். அதை உங்கள் ஆட்களைச் சுற்றி அரைக்கோளமாகக் கவிழ்த்தால் எந்திரம் சுட வேண்டிய அவசியமே இருக்காது.

இரண்டாவது, போயிங் நிறுவனம் 2015-ல் வாங்கிய காப்புரிமை. வெடி வெடித்ததும் அதிர்வலை வரும் வழியில் காற்றைச் சட்டென்று சூடாக்கி அலையைச் சிதறடிப்பது. யோசனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது அலையை மட்டும்தான் மட்டுப்படுத்தும். பறந்து வரும் ஆணியையும் சில்லையும் தடுக்காது.

ஓசூர் லேத் எழுதியது:

தம்பி சொன்னதோடு பட்டறைக் கணக்கு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

8 கிராம், 700 மீட்டர் என்றால் ஒரு துண்டின் ஆற்றல் ஏறக்குறைய 2,000 ஜூல். பயப்படாதீர்கள், இது பெரிய தொகை இல்லை. டார்ச் லைட்டில் போடுகிற உருளை லித்தியம் செல் ஒன்று 50 கிராம்கூட இருக்காது, அதில் 36,000 ஜூல் அடங்கும். பதினெட்டுக் குண்டுக்குச் சமம். ஆக, ஆற்றலுக்குப் பஞ்சம் இல்லை.

பஞ்சம் நேரத்துக்கு. அந்தத் துண்டை 10 சென்டிமீட்டருக்குள் நிறுத்த வேண்டுமென்றால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு நொடியில் மூவாயிரத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் 2,000 ஜூலைக் கொட்ட ஏறக்குறைய 70 லட்சம் வாட் வேண்டும். நம்ம ஊர்க் கணக்கில் 5 எச்.பி. பம்ப்செட் 1,800-க்கு மேல் ஒரே சமயத்தில் ஓடுவது மாதிரி. அந்தச் செல்லோ 30, 40 வாட் கொடுப்பதற்குள் கை சுட ஆரம்பித்துவிடும்.

அப்போது இடையில் கண்டன்சர் வைக்க வேண்டும். கல்யாணப் போட்டோகிராபர் கையில் இருக்கும் ஃப்ளாஷ் மாதிரி: மெல்ல நிரப்பி, மொத்தமாகக் கொட்டுவது. 2,000 ஜூல் தாங்கும் கண்டன்சர் இன்றைய சாமானில் 2 கிலோவுக்குக் குறையாது. உள்ளங்கை அகலம் போச்சு. ஒரு குண்டைத் தடுத்ததும் காலியாகிவிடும். ஒரு செல்லை வைத்துத் திரும்ப நிரப்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். பத்துச் செல் வைத்தால் ஏழு எட்டு நொடி, அரைக் கிலோ கூடுதல். உங்கள் எந்திரம் ஏழு நொடிக்கு ஒரு தடவைதான் சுடுமா?

இன்னொன்று. நான் வேலை பழகிய இடத்தில் நிரப்பிய கண்டன்சரில் ஒருவர் தெரியாமல் ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டார். சத்தத்தில் பக்கத்து ஷெட்டில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். ஸ்க்ரூடிரைவர் முனையைக் காணோம். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அன்றைக்கு முழுக்கப் பேச்சுத்தான் வரவில்லை. இதை இடுப்பில் கட்டிக்கொண்டு பாறையில் உருண்டு விழுகிற காட்சியை எழுதும்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

பால்வெளி எழுதியது:

ஏன் இப்படி? அவர் கதை எழுதுகிறார், டெண்டருக்கு விலைப்புள்ளி கொடுக்கவில்லை. ஒளியைவிட வேகமாகப் போகிற கப்பலை ஒத்துக்கொள்கிறோம், ஒரு நீல அரைக்கோளத்துக்கு மட்டும் 1,800 பம்ப்செட்டா? வியப்பு இல்லாவிட்டால் அது என்ன அறிவியல் புனைகதை. தருமபுரியிலிருந்து ஒருவர் வேற்றுக் கிரகம் வரைக்கும் போயிருக்கிறார், அவரை மறுபடி டவுன்பஸ்ஸில் ஏற்றி விடாதீர்கள்.

ஓசூர் லேத் எழுதியது:

டவுன்பஸ்ஸில் ஏற்றியது நான் இல்லை, அவர் தங்கை.

தளி ரோஜா எழுதியது:

நான் கதை எழுதுகிறவள் இல்லை, தளியில் பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்க்கிறேன். வாசிக்கிற பழக்கம் உண்டு, அதனால் எட்டிப் பார்த்தேன். எல்லோரும் குண்டைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குப் படித்ததும் தோன்றியது, உள்ளே புழுங்குமே என்றுதான்.

எங்கள் குடிலில் பக்கத் திரையைக் காலையில் தூக்க ஒரு மணி நேரம் தாமதமானால் போதும், உள்ளே நுழைந்தால் மூஞ்சியில் அடிக்கும். செடி நிற்காது. காற்று போக வழி விடாமல் எதை மூடினாலும் இதுதான் நடக்கும். உங்கள் அரைக்கோளத்தில் எதுவும் உள்ளே வராது என்றால் எதுவும் வெளியேயும் போகாதுதானே?

கடைசி பெஞ்ச் இயற்பியல் எழுதியது:

அக்கா, இதை நான் யோசிக்கவே இல்லை. உடனே போட்டுப் பார்த்தேன்.

1.5 மீட்டர் ஆர அரைக்கோளத்தில் 7 கன மீட்டர் காற்று, எடை சுமார் 8 கிலோ. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடம்பு ஏறக்குறைய 100 வாட் வெப்பம் விடும். மூன்று பேர், 300 வாட். வெப்பம் எங்கும் போகாவிட்டால் அரை நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும். தரை கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், வியர்வை கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், சரி, பாதி என்று வைத்தாலும் 10 நிமிடத்தில் 10 டிகிரி. வெளியே 32 என்றால் உள்ளே 42, அதுவும் ஈரப்புழுக்கத்தோடு. ஆவி பிடிக்கிற மாதிரி.

வேடிக்கை என்னவென்றால் மூச்சுக்காற்று அவ்வளவு சீக்கிரம் தீராது. மூவரும் அசையாமல் இருந்தால் கரியமில வாயு தலைவலி கொடுக்கும் அளவுக்குச் சேரவே மூன்று நான்கு மணி நேரம் ஆகும். எல்லாக் கதையிலும் "ஆக்சிஜன் தீர்கிறது" என்றுதான் கத்துகிறார்கள். இங்கே அதற்கு ரொம்ப முன்னாலேயே சூடு ஆளைத் தள்ளிவிடும். தடுத்த குண்டின் சூடு, கருவியின் சூடு எதையும் நான் சேர்க்கவில்லை.

காட்டுவழி எழுதியது:

அஞ்செட்டி. எங்கள் சித்தப்பா காட்டில் வாச்சராக இருந்தவர். நானும் சின்ன வயதில் கேழ்வரகு முற்றுகிற மாதங்களில் பரணில் ராத்திரி படுத்திருக்கிறேன். உங்கள் மூன்று பேரும் காட்டுக்குள் போகிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

முதலில் அந்த நீல நிறம். ராத்திரியில் பீடி நெருப்பையே எதிர் மேட்டிலிருந்து பார்க்கலாம். மூன்று மீட்டர் அகலத்துக்கு நீலமாக ஒன்று எரிந்தால் அது கேடயமா, தேர்த் திருவிழாவா? வேவு பார்க்கப் போகிறவனுக்கு முதல் கேடயம் அவன் அங்கே இல்லை என்று எதிரி நினைப்பதுதான். உங்கள் கருவி அதைத்தான் முதலில் உடைக்கிறது.

இரண்டாவது, இடம். எங்கள் காட்டில் பாதி உண்ணிச்செடி. ஆள் நுழையவே குனிந்து, பக்கவாட்டில் திரும்பி, முள்ளை எடுத்துவிட்டுப் போக வேண்டும். அங்கே 1.5 மீட்டர் ஆரம் எங்கே விரியும்? செடி நடுவில் அகப்பட்டால் வெட்டிவிடுமா, தள்ளிவிடுமா, விரியாமல் நின்றுவிடுமா? கதையில் இதுவரை வெட்டவெளியில் மட்டுமே திறக்கிறீர்கள். வெட்டவெளிக்கு வேவுகாரன் வரவே கூடாது.

மூன்றாவது, வாசனை. பொறி பறக்கிற மின்சாரம் இருந்தால் ஓசோன் வாசனை வரும், வெல்டிங் கடைப் பக்கம் அடிக்குமே அதுபோல. நமக்கே தெரிகிறது என்றால் யானைக்குத் தெரியாதா. கண்டன்சர் நிரம்பும்போது மெல்லிசாக ஒரு சீழ்க்கைச் சத்தமும் வரும், நாய்கூடத் தலையைத் தூக்கும். உங்கள் கிரகத்தில் விலங்குகள் உண்டா இல்லையா என்று எழுதவில்லை. இருந்தால் எந்திரத்துக்கு முன்னால் அவைதான் இவர்களைக் காட்டிக்கொடுக்கும்.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன், யானை ஓடி வந்தால் கேடயத்தைத் திறக்கிற மாதிரி மட்டும் எழுதிவிடாதீர்கள்.

கடைசி பெஞ்ச் இயற்பியல் எழுதியது:

அது ஏன் என்று கணக்கும் சொல்லும். 4,000 கிலோ, மணிக்கு 25 கிலோமீட்டர். கேடயம் உடையவே உடையாது என்று வைத்துக்கொண்டாலும் அது தரையில் வேர்விட்டு நிற்கவில்லை. கேடயம், உள்ளே இருக்கிற ஆள், எல்லாம் சேர்ந்து அதே வேகத்துக்கோ அதைவிடக் கூடவோ பறக்கும். தேங்காய் ஓடு உடையவில்லை, உள்ளே மட்டும் கலங்கிவிட்டது என்பது போல.

மேலகிரி மழை எழுதியது:

ஒரே நாளில் இத்தனை பதிலை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் நொந்துதான் போனேன், ஆனால் எல்லாம் நியாயமாக இருக்கிறது. நீல நிறத்தை இப்போதே எடுத்துவிட்டேன். தங்கையின் கேள்விக்குத் தளி அக்காவிடமும் காட்டுவழி அண்ணனிடமும் பாதிப் பதில் கிடைத்துவிட்டது.

ஒரு மாற்று யோசனை: வேகமாக வருவதை மட்டும் தடுக்கட்டும். மெதுவாக வரும் காற்று, கை, இலை எல்லாவற்றையும் விட்டுவிடட்டும். அப்போது புழுக்கமும் இல்லை, உண்ணிச்செடிச் சிக்கலும் இல்லை. சரியா?

பால்வெளி எழுதியது:

சரிதான், ஆனால் 1965-ல் ஃபிராங்க் ஹெர்பர்ட் 'டியூன்' நாவலில் அதைச் செய்துவிட்டார். வேகமான குண்டு போகாது, மெதுவாக நுழையும் கத்தி போகும். நீங்கள் எழுதினால் படிக்கிற முதல் ஆளே சொல்லிவிடுவான்.

அப்புறம் நான் முதலில் கோபப்பட்டதற்கு மன்னிக்கவும். பொழுதுபோகாமல் தேடியபோது ஒன்று கிடைத்தது, அது இந்த இழைக்கு என்றே காத்திருந்த மாதிரி இருக்கிறது. பழைய ஜப்பானில் போர்க்களத்தில் சேதி கொண்டு ஓடும் குதிரைவீரர்கள் முதுகில் 'ஹோரோ' என்று ஒரு துணியைக் கட்டியிருப்பார்கள். ஆறடி நீளத் துணி. குதிரை ஓட ஓடக் காற்றில் பலூன் மாதிரி உப்பிக்கொள்ளும். பின்னாலிருந்து வரும் அம்பு அந்தத் துணியில் பட்டு வேகம் இழந்துவிடும். பிற்பாடு காற்று இல்லாதபோதும் உப்பி நிற்க உள்ளே மூங்கில் கூடு வைத்தார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் நடந்த ஓனின் போர்க் காலத்தில் அந்தக் கூடு வந்ததாகச் சொல்வார்கள். வெறும் துணி! அதைப் பார்த்ததும் எனக்கு வியப்பு வந்துவிட்டது, நீல அரைக்கோளம் தேவைப்படவில்லை.

கடைசி பெஞ்ச் இயற்பியல் எழுதியது:

அண்ணா, இதுதான் விஷயம். தூரம்!

8 கிராம் துண்டு 700 மீட்டர் வேகத்தில் வரும்போது அதன் உந்தம் எவ்வளவு தெரியுமா? 160 கிராம் கிரிக்கெட் பந்து மணிக்கு 126 கிலோமீட்டரில் வரும்போது இருக்கிற அதே அளவு. ஒரு சுமாரான வேகப்பந்து. கையுறை போட்ட கீப்பர் பிடித்துவிடுவார். ஆளைத் தூக்கி எறிகிற தள்ளல் எல்லாம் இல்லை, சினிமாவில்தான் அப்படி.

ஆனால் ஆற்றல் அந்தப் பந்தைவிட 20 மடங்கு. அதை 10 சென்டிமீட்டரில் நிறுத்தினால் சராசரி விசை 2 டன் எடைக்குச் சமம். ஒரு மீட்டரில் நிறுத்தினால் 200 கிலோ எடை. வலைப்பயிற்சியில் நெட்டைத் தளர்வாகத் தொங்கவிடுவது இதற்காகத்தான். இறுக்கிக் கட்டினால் கிழியும், பந்தும் திரும்பி வரும். ஹோரோ துணியும் அதே வேலையைத்தான் செய்கிறது, உடம்புக்கும் துணிக்கும் நடுவில் தூரத்தை வைக்கிறது.

விண்வெளியிலும் கிட்டத்தட்ட இதே கதை. ஃபிரெட் விப்பிள் என்ற வானியலாளர் 1940-களில் சொன்னார்: விண்கலத்தின் சுவரைத் தடிமனாக்காதீர்கள், சற்றுத் தள்ளி மெல்லிய தகடு ஒன்றை நிறுத்துங்கள். மோதுகிற துகள் அதில் பட்டே பொடியாகிப் பரவிவிடும், உள்சுவர் தப்பிக்கும். பன்னாட்டு விண்வெளி நிலையம் இன்றும் அதைப் போர்த்திக்கொண்டுதான் சுற்றுகிறது. நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்துக்குத்தான் பொடியாகும் வித்தை பலிக்கும், உங்கள் 700 மீட்டருக்கு இல்லை. ஆனாலும் இடைவெளியும் கேடயத்தில் ஒரு பகுதி என்ற யோசனையை எடுத்துக்கொள்ளலாம்.

ஓசூர் லேத் எழுதியது:

கூடு, துணி, இடைவெளி, முதுகில் சுமப்பது. பென்னாகரத்துக்காரரே, இது உங்களுக்கு இன்னுமா தெரியவில்லை? ஒகேனக்கல்லில் பரிசல்காரர் பரிசலைக் கவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு கரையேறி நடப்பதை எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள். பின்னாலிருந்து பார்த்தால் ஆமை ஒன்று இரண்டு காலில் நடக்கும். மூங்கில் பின்னல், மேலே முன்பு தோல், இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். உங்கள் கேடயம் உங்கள் ஊர் ஆற்றில் மிதந்துகொண்டிருக்கிறது.

மேலகிரி மழை எழுதியது:

ஐயோ.

இதை நான் தினமும் பார்க்கிறேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

நடுகல் வாசகர் எழுதியது:

அரூர். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகள் பேசுவதை இரண்டு நாளாக ரசித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கண்டன்சர் தெரியாது, சொல் தெரியும்.

நம் மாவட்டங்களில் நடுகற்களுக்குக் குறைவில்லை. தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போனால் வரிசையாகப் பார்க்கலாம். ஆநிரை கவரப் போனவன், மீட்கப் போனவன், ஒரு கையில் வாளோ வில்லோ, மறு கையில் கேடயமோ குறுவாளோ. அந்தக் கேடயங்களைக் கவனியுங்கள். சிறியவை. உடம்பை மூடுகிற அளவுக்கு யாரும் வைத்திருக்கவில்லை. ஓட வேண்டியவன் அல்லவா.

கேடயத்துக்குப் பழைய தமிழில் தோல், பலகை, பரிசை, கிடுகு என்று பல பெயர். பரிசை, பரிசல் இரண்டும் காதுக்கு ஒன்றுபோல ஒலிக்கின்றன என்பதற்காக அண்ணன் தம்பி ஆக்கிவிட வேண்டாம். கிடுகு நல்ல சொல். தென்மாவட்டங்களில் கூரை வேயும் தென்னங்கீற்றுப் பின்னலுக்கும் அதுதான் பெயர், போர்க்களத்துக் கேடயத்துக்கும் அதுதான் பெயர். பின்னி எடுத்த ஒன்று வெயிலையும் தடுக்கும், அம்பையும் தடுக்கும். உங்கள் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

அடுத்து, அந்த மூன்று பேர். திருக்குறளில் ஒற்றாடல் என்று 59-ஆம் அதிகாரம் இருக்கிறது. அதில் ஒற்றர்களை ஒருவரை ஒருவர் அறியாதபடி ஆள வேண்டும், மூவர் சொல்லும் ஒன்றாக இருந்தால்தான் நம்ப வேண்டும் என்று வருகிறது. நீங்களோ மூவரையும் ஒரே குடையின்கீழ் உட்காரவைத்திருக்கிறீர்கள். ஒருவன் கண்டதையே மூவரும் காண்பார்கள், ஒருவன் தவறினால் மூவரும் தவறுவார்கள். ஒரு குண்டு போதும், சேதி போய்விடும். பிரித்து அனுப்புங்கள். மூன்று வழி, மூன்று கிடுகு, ஆளுக்கு ஒன்று.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. நம் தகடூர் அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது போனார். அங்கே படைக்கலக் கொட்டிலைக் காட்டினார்கள். பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசிப் பளபளவென்று இருந்தன. ஔவை சொன்னது, எங்கள் மன்னனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முரிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று. புறநானூற்றில் 95-ஆம் பாட்டு. புகழ்வதுபோல ஒரு குத்து. நான் இதை வகுப்பில் எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன், இப்போதுதான் தோன்றுகிறது, அந்த அம்மையார் எதிரியின் ஆயுதக் கிடங்கை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் திரும்பியிருக்கிறார். உங்கள் கிடுகும் பளபளவென்று இருக்கக் கூடாது ஐயா. ஒட்டுப் போட்டதாக இருக்கட்டும்.

காட்டுவழி எழுதியது:

ஐயா சொன்னதற்குப் பிறகு ஒரு சின்னச் சொல் பிரச்சினை. மேலகிரி மழை, உங்கள் மாதிரி அத்தியாயத்தில் இவர்களைச் சாரணர் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் காக்கி டவுசரும் கழுத்தில் ஸ்கார்ஃபும்தான் கண்ணில் வருகிறது. எங்கள் பக்கம் வாச்சர் என்றால் போதும், காட்டைப் பார்க்கிற ஆள். வேவுகாரர் என்றாலும் சரி.

மேலகிரி மழை எழுதியது:

சாரணரை எடுத்துவிட்டேன். இப்போது என் கணக்கு இது. திருத்துங்கள்.

ஆளுக்கு ஒரு கிடுகு. மடக்கினால் முதுகில் சுருட்டின பாய் அளவு, எடை 6 கிலோ. கயிற்றை இழுத்தால் வில் கம்பிகள் விரிந்து பரிசல் மாதிரி ஒரு கூடு, மேலே இரண்டு அடுக்குத் துணி, நடுவில் இரண்டு சாண் இடைவெளி. விரிக்கக் கண்டன்சர் வைக்கலாமா, ஸ்பிரிங்கா?

ஓசூர் லேத் எழுதியது:

ஸ்பிரிங். குடைக்கு யாராவது பேட்டரி போடுவார்களா. சீழ்க்கை வராது, ஓசோன் வராது, மழையில் ஷாக் அடிக்காது. பத்து வருடம் கழித்துக் கிராமத்துக் கொல்லரே சரிசெய்வார், ஔவைக்கும் சந்தோஷம்.

ஆனால் ஒன்று, இழுத்ததும் விரிய அரை நொடியாவது ஆகும். 50 மீட்டரிலிருந்து சுட்டால் துண்டு வந்து சேர ஒரு நொடியில் பதினான்கில் ஒரு பங்குதான். சத்தம் கேட்டு இழுப்பது நடக்காத காரியம். மனிதன் கண்ணால் பார்த்துக் கையை அசைக்கவே நொடியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

பால்வெளி எழுதியது:

ரேடார் வைத்துத் தானாக விரிய வைக்கலாமே? டாங்கிகளில் அப்படி உண்டு. வரும் ஏவுகணையை ரேடார் பார்த்து, எதிர்வெடி வீசி வழியிலேயே அழித்துவிடும். சோவியத் ராணுவம் அதை எண்பதுகளிலேயே டாங்கியில் பொருத்திவிட்டது.

கடைசி பெஞ்ச் இயற்பியல் எழுதியது:

டாங்கி ஒளிந்துகொள்ளாது. ரேடார் என்றால் தொடர்ந்து அலை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு ஒளிந்து நடக்கிற மாதிரி. எதிரியிடம் சின்ன ரிசீவர் இருந்தால் போதும். காட்டுவழி அண்ணனின் நீல நிறப் பிரச்சினை மறுபடி வேறு வாசல் வழியாக வருகிறது.

காட்டுவழி எழுதியது:

அப்படியென்றால் சுடுவதற்கு முன்னால் விரிக்க வேண்டும். அதாவது, இனி மறைந்திருக்க முடியாது என்று வாச்சர் தானே முடிவு செய்கிற நேரத்தில். விரித்த பிறகு அவன் மறைந்து நிற்கிற ஆள் இல்லை, ஓடுகிற ஆள். சீக்கிரம் விரித்தால் தானே காட்டிக்கொடுத்துக்கொள்கிறான், தாமதமானால் விரிக்கவே தேவை இருக்காது.

மேலகிரி மழை, இதற்குத்தான் பயப்படுகிறார்கள் என்று தங்கையிடம் சொல்லுங்கள்.

எங்கள் சித்தப்பா பட்டாசுக் கட்டைப் பற்றி இதையேதான் சொல்வார். யானை தூரத்தில் இருக்கும்போது போட்டால் நீ இருக்கிற இடம் அதற்குத் தெரியும். பக்கத்தில் வந்த பிறகு போட்டால் மிரண்டு உன் மேலேயே வரும். எப்போது போடுவது என்று அவர் கடைசி வரைக்கும் சொல்லித் தரவில்லை. "வந்து பாரு" என்பார்.

கடைசி பெஞ்ச் இயற்பியல் எழுதியது:

துணியைப் பற்றி ஒரு வார்த்தை. கெவ்லார் என்று ஒரு இழை, ஸ்டெஃபனி குவோலெக் 1965-ல் கண்டுபிடித்தது, குண்டு துளைக்காத சட்டை அதில்தான். ஆனால் துணியாலான சட்டை கைத்துப்பாக்கிக் குண்டைத்தான் தடுக்கும். ரைஃபிள் வேகத்துக்குள் வந்துவிட்டால் பீங்கான் தகடு செருக வேண்டும். உங்கள் 700 மீட்டர் அந்த வேகம். ஆகவே இரண்டு அடுக்கு மெல்லிய துணி இன்றைய இழையில் நிற்காது. அந்தக் கிரகத்தில் ஏதோ ஒரு பூச்சி நூற்கிற இழை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொய் சொல்லலாம், அந்த ஒரு பொய் துணியாக இருக்கட்டும். மற்றது எல்லாம் உண்மையாகவே நிற்கும்.

சோளமாவுத் தண்ணீர் யோசனையும் ஒன்று இருக்கிறது. கார்ன்ஃபிளவரைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து மெதுவாக விரல் விட்டால் உள்ளே போகும், குத்தினால் கல். அந்த மாதிரித் திரவத்தைக் கெவ்லாரில் ஊறவைத்து டெலவேர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள்.

தளி ரோஜா எழுதியது:

கேழ்வரகுக் களியில் வருமா?

கடைசி பெஞ்ச் இயற்பியல் எழுதியது:

வராது அக்கா. வீட்டில் செய்து பார்த்துவிட்டேன். அம்மா திட்டினார்கள்.

மேலகிரி மழை எழுதியது:

நான்காவது அத்தியாயம் நகர்ந்துவிட்டது. ஒரு துண்டு போடுகிறேன், முழுசாக இல்லை.

"கிடுகின் கயிறு அவள் இடது தோளில் தொங்கியது. மூன்று வருடத்துக்கு முன் இதைச் சுமந்தவர் போட்ட ஒட்டு விரலில் தட்டுப்பட்டது. அவர் திரும்பி வந்தவர். சேதி சொன்னவர். எந்திரம் மூங்கிலுக்கு அந்தப் பக்கம் நின்று தலையைத் திருப்பியது. மழை இறங்கியிருந்ததால் அதன் சத்தம் கேட்கவில்லை, இலைகள் விலகுவது மட்டும் தெரிந்தது. இப்போது இழுத்தால் ஆறு வரைக்கும் ஓட வேண்டும். இழுக்காவிட்டால் இங்கேயே கல்லாக இருக்க வேண்டும், விடியும் வரை. தாது வண்டிகள் பதினொன்று என்று எண்ணியிருந்தாள். மற்ற இருவரும் எத்தனை எண்ணினார்களோ. கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டாள்."

நடுகல் வாசகர் எழுதியது:

"கல்லாக" நன்றாக விழுந்திருக்கிறது. வேண்டுமென்றே போட்டதா, தானாக வந்ததா என்று கேட்க மாட்டேன்.

தளி ரோஜா எழுதியது:

மழை என்று எழுதிவிட்டீர்கள். ரெண்டு அடுக்குத் துணி நனைந்தால் 6 கிலோ 6 கிலோவாகவா இருக்கும்? எங்கள் நிழல்வலை நனைந்தால் ரெண்டு ஆள் சேர்ந்துதான் இறக்குவோம். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், நாலே நாளில் நாற்றம்.

கடைசி பெஞ்ச் இயற்பியல் எழுதியது:

கெவ்லாரும் நனைந்தால் தடுக்கும் திறன் குறையும். அதனால்தான் நீர் புகாத உறைக்குள் வைத்துத் தைக்கிறார்கள். வெயிலும் அதற்கு ஆகாது. உங்கள் பூச்சி இழைக்கும் அப்படி ஒரு குறை இருக்கட்டும் அண்ணா, அவள் பயம் இன்னும் கூடும்.

ஓசூர் லேத் எழுதியது:

விரிப்பது பற்றியே பேசினோம். திரும்ப மடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. ஸ்பிரிங்கை எதிர்த்து ஒற்றை ஆளாக, மழையில், இருட்டில்?

மேலகிரி மழை எழுதியது:

தெரியவில்லை அண்ணா. தாத்தாவின் பழைய பெரிய குடை ஒன்று பரண்மேல் கிடக்கிறது, கம்பி துருப்பிடித்தது. நனைத்துவிட்டு, ஒரு கையால் மடித்துப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.